மேலே வந்தவன்

காலையில் படகில் ஏறியவர்கள்: படகோட்டி, முக்குளிக்கக் கற்றுத்தரும் மாஸ்டர், அவன், அவன் மனைவியின் தம்பியான மச்சான். மனைவி வரவில்லை. படகைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். தீவின் விடுதி அறையிலேயே இருந்துவிட்டாள்.

இப்போது மச்சான் மட்டும் கீழேயிருந்து படகுக்குத் திரும்பவில்லை. அவனுடைய சிலிண்டரில் காற்று எப்போதோ தீர்ந்திருக்கும். மாஸ்டர் புதுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கித் தேடி, வெறுங்கையோடு ஏறிவந்து, தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஏணிக்குப் பக்கத்தில் மச்சானின் தலை மேலே வந்தது.

படகோட்டி கத்தினார். மாஸ்டர் அழுதேவிட்டார். அவன் மட்டும் தண்ணீரைப் பார்த்தான். முக்குளித்தவன் மேலே வருமுன் அவனுடைய மூச்சு வரும். கொதிக்கும் உலைபோலக் குமிழிகள் பொங்கும், அதன் பிறகுதான் ஆள். மச்சானுக்கு முன்னால் எதுவும் வரவில்லை. எண்ணெய்போலக் கிடந்த தண்ணீர் சுழிக்கக்கூட இல்லாமல் அவனை வெளியே விட்டது.

காலையில் மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "கீழ போனா கைதான் வாய். எல்லாம் நல்லா இருக்குன்னா விரலை வட்டமாக் காட்டுங்க. கட்டைவிரலத் தூக்கினா, என்னை மேல கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். சூப்பர்னு அர்த்தம் இல்ல."

"இதை எங்க மாமாவுக்குத் தனியாச் சொல்லுங்க மாஸ்டர்," என்றான் மச்சான். "கம்பெனி குரூப்புல சாவுச் செய்தி வந்தாக்கூடக் கட்டைவிரல் போடுற ஆளு."

"போடா டேய். மொதல்ல மாஸ்க்ல உன் மூக்கை ஒழுங்கா மூடு."

மச்சானின் மாமாவான அவன் கிடங்கு மேலாளன். லாரி வந்தால் கட்டைவிரல், சரக்கு இறங்கினால் கட்டைவிரல். நாள் முழுக்க அதே வேலை செய்த கை.

கீழே, பவளப்பாறையின் பிளவு ஒன்றில் மச்சான் கால்பக்கமாக மார்புவரை நுழைந்திருந்தான். மாஸ்டர் முன்னால் போய்விட்டார். மச்சான் இவனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். பிறகு இரண்டு கைகளிலும் தூக்கினான். ஆட்டி ஆட்டிக் காட்டினான். பயல் குஷியாக இருக்கிறான் என்று இவன் நினைத்தான். பதிலுக்குத் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஒரு நீல மீன் கூட்டத்தின் பின்னால் போனான்.

படகில் ஏறிய பிறகுதான் உறைத்தது. மாஸ்டர் கேட்டார்: "நீங்கதானே கீழ அவரோட ஜோடி? மேல போகணும்னு சைகை ஏதும் காட்டினாரா?"

"இல்ல மாஸ்டர்."

அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க முடியாது. தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவன் மனைவி. இது தெரிந்தால் அவனோடு ஒரு வேளைகூட இருக்க மாட்டாள்.

அதனால் மச்சான் வந்ததில் எல்லோரையும்விட அவனுக்குத்தான் நிம்மதி. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மச்சானின் ஒரு காலில் நீச்சல் துடுப்பு இல்லை. கணுக்காலில் சதை எலும்புவரை கிழிந்திருந்தது. ரத்தம் இல்லை. வாளியில் ஊறப்போட்டு மறந்த துணியின் வெளுப்பு. மாஸ்டர் சிலிண்டரின் காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்தார்; பூஜ்யத்தில் நின்றது. தட்டிப் பார்த்தார். படகின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சுட்டது. இவனுடைய உடையில் உப்புப் பூத்துவிட்டது. பக்கத்திலிருந்த மச்சானிடமிருந்து தண்ணீர் வடிந்தபடியே இருந்தது, முடியிலிருந்து, காதிலிருந்து, வாயோரத்திலிருந்து. கடல் நாற்றம்கூட இல்லை. பல நாள் திறக்காத தொட்டியின் நாற்றம். மார்பு ஏறி இறங்குகிறதா என்று இவன் ஓரக்கண்ணால் பார்த்தான். படகு குலுங்கியது. அதனால் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டான்.

"மச்சான்... வலிக்குதாடா?"

தலை திரும்பியது. உடம்பு திரும்பவில்லை.

"அக்கா எங்க?"

கரையில், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று படகோட்டி கெஞ்சினார். மச்சான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிழிந்த காலை ஊன்றி, நொண்டாமல், விடுதியை நோக்கி நடந்தான். காலையில் வந்து சேர்ந்ததும் இவன் மனைவியை அறையில் விடப் போக, மச்சான் நேராகப் படகுக்குப் போயிருந்தான். அறை எது என்று மச்சானுக்குத் தெரியாது. யாரையும் கேட்காமல் வளைந்து வளைந்து போனான். இவன் பின்னாலேயே போனான்.

சொல்லிவிடலாம். ஓடிப்போய் முதலில் கதவைத் தட்டி, திறக்காதே என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பாள். கீழே என்ன நடந்தது என்று கேட்பாள்.

மச்சான் தட்டினான். உள்ளங்கையால், மெதுவாக.

அவள் துண்டோடு கதவைத் திறந்தாள். "ஏண்டா இப்படிச் சொட்டச் சொட்ட வர்ற? உங்க மாமாவுக்குத் துண்டு எடுத்துக் குடுக்கக்கூடத் துப்பு இல்லையா? வா, தலையைத் துவட்டு."

மச்சான் அவளைக் கடந்து உள்ளே போனான்.

"நீ வெளிய வாயேன்," என்றான் இவன்.

"எதுக்கு?"

அவளுக்குப் பின்னால் ஜன்னல்கள் மூடியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை. திரைச்சீலையின் அடிவிளிம்பு எழுந்தது. இடமும் வலமும் மெதுவாக ஆடியது, பாசிபோல. மேசை மேலிருந்த செய்தித்தாள் தாள் தாளாகப் பிரிந்து உயர்ந்தது. தரை காய்ந்திருந்தது.

அவளுடைய பின்னல் தோளைவிட்டு எழும்பி நின்றது.

"எதுக்குன்னு கேக்குறேன்ல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கீழ ஏதாவது ஆச்சா?"

சொல்.

சொல்லிவிடு.

"ஒண்ணுமில்ல," என்றான்.

"அப்ப போய்க் குளிங்க." துண்டை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி தம்பியிடம் திரும்பினாள்.

கதவை அவள் தொடவில்லை. அது சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.