கரையேறச் சொன்ன குரல்

கிருபாவதி லோயர் கேம்ப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தேனியில் ஏறும்போது நல்ல வெயில். சின்னமனூர் தாண்டியதும் மேகம் மூடியது, கூடலூரில் ஜன்னல் கம்பியெல்லாம் நனைந்துவிட்டது. குமுளி மலை இருந்த இடமே தெரியவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மேலே ஏறின.

அவள் லேப்டாப் பையைத் துப்பட்டாவுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு நடந்தாள்.

கால்வாயைப் பார்த்தபடி நின்ற பழைய ஓட்டு வீடு அது. பக்கவாட்டில் சுவரை ஒட்டிக் குறுகலான படிக்கட்டு, அதற்கு மேல் ஒற்றை அறை. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெறும் நெற்றி. தேவயானி என்று முதலாளி காமராஜ் சொல்லியிருந்தார். சுருளிராஜனின் மனைவி.

"வாங்க தங்கச்சி. நனைஞ்சுட்டீகளே. துண்டு தரவா?"

"வேண்டாம்க்கா. மெசின் மேலதானே இருக்கு?"

"மேலதான். ஆப் பண்ணவே இல்ல. அவுக வச்சுட்டுப் போன மாதிரியே ஓடுது."

காமராஜின் கம்பெனி சிறியது. முல்லையாற்றுத் தண்ணீர் திடீரென்று ஏறினால், கரையோரம் குளிப்பவர்களுக்கும் மாடு கழுவுபவர்களுக்கும் போனில் எச்சரிக்கை போகும். ஆற்றின் மேற்பகுதியில் ஒரு தூணில் பொருத்திய கருவி தண்ணீர் ஏறுவதைக் கண்டதும், இந்த வீட்டு மாடியில் இருக்கும் மூன்று சின்னக் கம்ப்யூட்டர்களும் ஊரில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பும். அதை யோசித்து, கட்டி, ஓட்டிக் காட்டியவன் சுருளிராஜன். எச்சரிக்கையைப் பேசியதும் அவன்தான். கூலிக்குக் குரல் கொடுப்பவர் யாரும் அப்போது கிடைக்கவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில், வீட்டெதிரே இருந்த இன்னொரு கருவியைச் சரிபார்க்கக் கால்வாய்க்குள் இறங்கியிருந்தான். மலையில் பெய்த மழை ஒரே மூச்சாகத் தண்ணீரை இறக்கிவிட்டது. மூன்றாம் நாள் உத்தமபாளையம் பக்கம் உடல் ஒதுங்கியது. கரையில் வைத்திருந்த அவன் லேப்டாப் கிடைக்கவே இல்லை. அந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் கட்டளையிட ஊரில் இருந்த ஒரே வழி அந்த லேப்டாப்தான். பெட்டிகளை அணைத்தால் எச்சரிக்கையே நின்றுவிடும். அதனால் அவன் போன பிறகும், தண்ணீர் ஏறும்போதெல்லாம் அவன் குரலே போய்க்கொண்டிருந்தது.

'செத்தவன் போன் பண்ணுறான்யா, பிள்ளைக பயப்படுதுக' என்று ஊர்க்காரர்கள் காமராஜிடம் வந்து சொன்னார்கள். கிருபாவதியை அவர் வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான்.

மாடி அறையில் பாசி வாசம் அடித்தது. மழைக்காலச் சுவர் என்று நினைத்துக்கொண்டாள். மர மேசையில் மூன்று சின்னப் பெட்டிகள், பச்சை விளக்கு மினுங்க ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில், சார்ஜில் போட்டபடி, மூலை உடைந்த ஒரு போன்.

"அவுக போன்தான்" என்றாள் தேவயானி. "அன்னிக்கு இதைச் சார்ஜ்ல போட்டுட்டு மறந்து போயிட்டாக. தண்ணி வந்தப்ப ஊர்ல எல்லாருக்கும் அடிச்சுச்சு. இதுவும் அடிச்சுச்சு. எடுத்தேன். 'நான் சுருளி பேசுறேன், தண்ணி ஏறுது, கரையில நிக்காதீக, மேல ஏறி வந்துருங்க'ன்னு அவுகளே அவுகளுக்குச் சொல்லுறாக. போனைத் தூக்கிட்டு ஓடினேன் தங்கச்சி. ஓடிப் பாத்தா தண்ணி மட்டுந்தான் போகுது."

கிருபாவதி மேசையருகே உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். வேறு எதுவும் செய்யத் தெரியாதவர்கள் வேலையைத்தான் செய்வார்கள்.

முதலில் கியூப் கன்ட்ரோல் என்ற மென்பொருளை லேப்டாப்பில் இறக்க வேண்டும். கறுப்புத் திரையில் எழுத்தாகக் கட்டளை தட்டினால், அது போய்க் கம்ப்யூட்டர் கூட்டத்தை மேய்த்துவரும். வீட்டு வைஃபை மழையில் தத்தளித்தது, இறங்கி முடிக்க வெகுநேரம் பிடித்தது. இறங்கியதை ஓடத் தகுந்ததாக மாற்றி, லேப்டாப் தேடும் இடத்தில் வைத்து, எந்தப் பதிப்பு என்று கேட்டாள். பதில் வந்தது. அடுத்து, முதல் பெட்டிக்குள் நுழைந்து, கட்டளையிட அனுமதி தரும் சாவிக் கோப்பை நகல் எடுத்து லேப்டாப்பில் வைத்தாள்.

இணைப்பு மறுக்கப்பட்டது.

பிழை எங்கே என்று தெரிந்தது. கோப்பில் இருந்த முகவரி, எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. அவள் லேப்டாப் தனக்குள்ளேயே தேடிவிட்டு யாரும் இல்லை என்று திரும்பியிருக்கிறது. அதை அழித்துப் பெட்டியின் முகவரியை எழுதி, மறுபடி கேட்டாள்.

மூன்று பெயர்கள் திரையில் எழுந்தன. தேவி ஒன்று. தேவி இரண்டு. தேவி மூன்று. மூன்றும் தயார்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவயானி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "என் பேரா வச்சிருந்தாக? சொல்லவே இல்லையே" என்றாள்.

வெளியே மழை வலுத்தது. கால்வாயின் இரைச்சல் அறைக்குள் கேட்டது.

தேனியில் ஒரு பெண்ணைப் பேசவைத்துப் பதிவுசெய்த புதுக் குரலைக் கிருபாவதி முதலில் ஏற்றினாள். ஒரு நிமிடம்கூட ஊர் எச்சரிக்கை இல்லாமல் இருக்கக் கூடாது. தன் போனுக்கே சோதனை அழைப்பு அனுப்பிப் பார்த்தாள். தெளிவாக ஒலித்தது. பிறகு பழைய குரலை ஓட்டிக்கொண்டிருந்த நிரலை நீக்கினாள். கண்ணெதிரே திரையில் இன்னொன்று அதே வேலையோடு எழுந்து நின்றது.

"போகலையா?" என்றாள் தேவயானி, குரல் தழைய.

"இது இப்படித்தான்க்கா. ஒண்ணு செத்தா இன்னொண்ணைத் தானா உண்டாக்கச் சொல்லி அண்ணன் எழுதி வச்சிருக்காரு. அந்த உத்தரவையே எடுத்தாத்தான் போகும்." கை விசைப்பலகை மேலேயே நின்றது. "அக்கா, எடுக்கிறதுக்கு முன்னாடி அவரு குரலை உங்க போன்ல போட்டுத் தரவா? எப்ப வேணாலும் கேக்கலாம்."

"வேண்டாம். அதுல ஒரே பேச்சுத்தான் இருக்கும்."

"வேற என்னக்கா இருக்கும்?"

தேவயானி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஊர்க்காரவுக சொல்லித்தான் காமராஜ் சார் உங்கள அனுப்பினாருன்னு நெனைக்கிறீகளா? அதுக்கு முன்னாடியே, எடுத்துருங்கன்னு நானே அவருகிட்டக் கேட்டுட்டேன். தண்ணி வராத நாள்லயும் இந்தப் போன் அடிக்குது தங்கச்சி. எடுத்தா வேற பேச்சு. மெசின் பேசுதா, அவுக பேசுறாகளான்னு தெரியல. நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்ல. மெசினுக்குப் பதில் சொல்லி, அதையும் நம்பி, நான் என்னத்துக்கு ஆவேன்? நீங்க எடுத்துருங்க. எடுத்தாத் தெரிஞ்சுரும்."

கிருபாவதி உத்தரவை நீக்கினாள். மறுபடி கேட்டுப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை என்று திரை சொன்னது. குரல் பதிவான கோப்பையும் தேடி அழித்தாள்.

பெட்டிகளின் சின்ன விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது.

"முடிஞ்சதுக்கா."

தேவயானி தலையாட்டினாள். அழவில்லை. மூலை உடைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

திரையில் எண் இல்லை. பெயர் இல்லை. வெறும் வெளிச்சம்.

தேவயானி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் தண்ணீர் சத்தம். ஜன்னலுக்கு வெளியே கேட்ட அதே சத்தம், ஆனால் அடியிலிருந்து கேட்பது போல, கனமாக. அதற்குள்ளிருந்து ஓர் ஆணின் மூச்சு.

"தேவி."

கிருபாவதி எழுந்து நின்றுவிட்டாள்.

"தேவி... தண்ணி எப்ப வருது? எனக்கு யாருமே சொல்லலையே."

கிருபாவதி பாய்ந்து திரையைப் பார்த்தாள். எந்த அழைப்பும் வெளியே போகவில்லை. இணையக் கம்பியைப் பிடுங்கினாள். சுவர்ச் சுவிட்சை அணைத்து, பேட்டரி ஒயரையும் இழுத்தாள். மூன்று பச்சை விளக்குகளும் ஒன்றாக அவிந்தன.

குரல் நிற்கவில்லை.

"குளிருது. போனை எங்கன வச்சேன்னு தெரியல. தண்ணி வந்தாச் சொல்லுவாக. அதான் நிக்கிறேன்."

ஒரு வருடமாக நிற்கிறான். எல்லாருக்கும் சொல்லிவிட்டு, தனக்கு யாராவது சொல்வார்கள் என்று நிற்கிறான். பயத்தையும் மீறிக் கிருபாவதியின் கண் நிறைந்தது.

தேவயானி போனை இரண்டு கையாலும் எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள். எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்த அந்த ஒரு சொல்லில் அவள் குரல் உடைந்தது. "தண்ணி வந்துருச்சுங்க. வந்து போயிருச்சு. இனி நிக்க வேணாம்."

நீர் ஓசை நின்றது. சட்டென்று, குழாயை மூடியது போல.

"வந்துருச்சா?"

"ஆமாங்க."

போனில் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

"அப்ப ஏறி வரவா?"

"அக்கா, வேண்டாம்" என்று கிருபாவதி அவள் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி போல இருந்தது அந்தக் கை.

தேவயானி அவளைப் பார்க்கவே இல்லை. "ஏறி வாங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

போன் அணைந்தது.

பாசி வாசம் திடீரெனக் கூடியது. சேறு, ஊறிய மரம், அழுகிய இலை. கீழே படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் ஒருமுறை தூக்கி விழுந்தது.

"நீங்க கெளம்புங்க தங்கச்சி" என்றாள் தேவயானி. கண்ணாடி முன்னால் நின்று முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "கூடலூர் பஸ் வந்துரும்."

"நீங்களும் வாங்கக்கா. என்கூடத் தேனிக்கு வந்துருங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"வீட்டுக்கு வாரவுகளை விட்டுட்டு எப்படி வாரது?" அவள் சிரித்தாள். அன்று முதல் முறையாக.

கிருபாவதி பையை அள்ளிக்கொண்டு படியில் இறங்கினாள். பகல் வெளிச்சம் சாம்பலாகப் படியில் விழுந்துகொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. ஆனாலும் பாதிப் படியில் கால் தானாக நின்றது. ஏன் என்று தெரியாமலே சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

ஏதோ ஒன்று மெல்ல அவளைக் கடந்து மேலே போனது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். இடது தோளில் துப்பட்டா சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே மழை எப்போதோ விட்டிருந்தது. கம்பம் வரும்வரை அவள் அழுதுகொண்டே இருந்தாள். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலமே கம்பெனியின் இன்னொரு ஆள் விஜய்ராஜ் போய்ப் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் அந்த அக்கா நன்றாகத்தான் இருந்தாள், காப்பி கொடுத்தாள் என்றான். புதுக் குரல் அந்த மழைக்காலம் முழுக்கத் தவறாமல் ஒலித்தது. கரையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செத்தவன் போன் செய்கிறான் என்று அதற்குப் பிறகு யாரும் புகார் சொல்லவில்லை. காமராஜ் கிருபாவதிக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார். அந்த மாடியில் நடந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை.

பங்குனியில், பெட்டிகளைத் தேனி அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்று காமராஜ் முடிவு செய்தார். பள்ளத்தாக்கில் மழை கண்டு மாதங்கள் ஆகியிருந்தன. கால்வாயில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். கிருபாவதி தயங்கித் தயங்கித் தேவயானியைப் போனில் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்கீகளா தங்கச்சி?" குரலில் பழைய சோர்வு இல்லை. "எப்ப வேணா வந்து எடுத்துக்கங்க. நாங்க எங்க போகப் போறோம்?"

நாங்க.

"அக்கா... நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன. தூக்கந்தான் இல்ல. ராப்பகலா உக்காந்து துவட்டிக்கிட்டே இருக்கேன்." அவள் போனிலிருந்து முகத்தைத் திருப்பி யாரிடமோ, "இருங்க, வாரேன்" என்றாள். பிறகு மெல்லிய, களைத்த அன்போடு சொன்னாள்:

"எத்தனை துண்டு மாத்தினாலும் அவுகளுக்குத் தலை காயவே மாட்டேங்குது தங்கச்சி."