நாற்பத்தொரு இல்லை

வெள்ளிக்கிழமை காலையானால் மாசிலாமணி குளித்துத் திருநீறு பூசி, அதன்மேல் மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வண்டிக்கு மின்சாரமும் தனக்குக் காற்றும் ஏற்றி, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய நாள்முதல் பன்னிரண்டு வருஷமாக நடக்கிற சங்கதி. அந்த வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிள் அசையவில்லை. "காப்பீடு காலாவதி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அவர் ஏழாம் குமிழின் தண்ணீர்க் காவலர். கண்ணாடிக் கூரைக்குக் கீழே காற்றை அடைத்து வைத்த இடத்துக்குக் குமிழ் என்று பெயர். மற்றக் குமிழ்கள் ஊர்கள். ஏழாவதில் ஓர் அறை, ஒரு பம்பு, ஒரு மனிதர், அவ்வளவுதான். மூன்றாம் குமிழிலிருந்த வடிவாம்பாள் அக்கா ஒருத்திதான் அவர் முகம் பார்த்துப் பேசும் ஜீவன். வண்டி ஓடாவிட்டால் அதுவும் போயிற்று.

காப்பீட்டைப் புதுப்பிப்பதில் ஒரு சிக்கல். போன மாதம் அவருக்கு வலிப்பு வந்திருந்தது. கண் விழித்தபோது தரையில் கிடந்தார். நாக்கு கடிபட்டிருந்தது. அடுப்பில் வைத்த தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகியிருந்தது. அக்காவிடம் சொன்னால் பயந்துவிடுவாள். வேறு யாரிடம் சொல்ல?

வானொலியில் ஐந்தாம் குமிழ் லூர்துவிடம் யோசனை கேட்டார்.

"அண்ணே, அந்தக் காப்பீட்டுப் பொறி நாப்பத்தோரு கேள்வி கேக்கும். எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. ஊரே அப்படித்தான் வாங்குது."

காப்பீட்டுப் பொறி என்பது சுவரிலிருந்து வரும் ஒரு குரல். பத்துக் கேள்விவரை இவரும் இல்லை, இல்லை என்று ஒப்பித்தார். பதினோராவது, வலிப்பு உண்டா என்பது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஒருதரம் வந்துச்சு" என்று வந்துவிட்டது.

"அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?"

படிவத்தில் இருப்பதைத்தான் அது கேட்கிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. யாருமில்லை என்றார். அப்புறம் மடை உடைந்தது. முழங்கால் வலி, வராத தூக்கம், பொழுது சாய்ந்தால் நெஞ்சை அமுக்கும் பயம் என்று கேட்டதும் கேட்காததுமாக முக்கால் மணி நேரம் சொல்லித் தீர்த்தார். பொறி குறுக்கே பேசவில்லை. அழுது முடித்த பிள்ளையைப்போல அவருக்கு உடம்பு லேசாகிவிட்டது.

"விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்றது பொறி.

"வலிப்பு இருக்கறதாலயா?"

"இல்லை. வலிப்பு உள்ளவர்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுடன் தனிக் காப்பீடு உண்டு. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பூமியின் மோட்டார் சைக்கிள் காலத்திலிருந்து சேர்ந்த முந்நூறு கோடி விண்ணப்பங்களைப் படித்தே மனிதர்களை அறிந்திருக்கிறேன். ஒருவர்கூட ஆம் என்று சொன்னதில்லை. ஆகவே உங்கள் விடைகள் மனிதர் தந்தவை அல்ல. மனிதராக இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கவும்."

மாசிலாமணி வண்டியைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். அக்கா சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மறுபடி உட்கார்ந்து நாற்பத்தொரு முறை இல்லை என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசிக் கேள்வி, கூட வசிப்பவர் உண்டா என்பது. அதற்கு மட்டும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வணக்கம், மனிதரே. காப்பீடு வழங்கப்பட்டது."

வேறு ஏதாவது கேட்குமோ என்று கொஞ்ச நேரம் நின்றார். நோயில்லாதவரிடம் அதற்குக் கேட்க ஒன்றுமில்லை.

வழி நெடுக மெதுவாகவே ஓட்டினார். வடிவாம்பாள் கதவைத் திறந்ததும் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்டா மணி இவ்ளோ நேரம்? முகமே சரியில்லையே. உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். காலையில் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"ஒண்ணும் இல்லக்கா. உனக்கு?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்றாள் வடிவாம்பாள், நடுங்கிக்கொண்டிருந்த வலது கையை முந்தானைக்குள் மறைத்தபடி.

அந்தப் பொறி அங்கே இருந்திருந்தால் இருவரையுமே மனிதர்கள் என்று உடனே ஒப்புக்கொண்டிருக்கும்.