கயிறு வைத்திருந்தவன்

அயல்நாட்டுத் தீவு நகரமான ஆப்பியாவில் இறங்கும்போதே நல்ல மழை. கடற்சுவரை ஒட்டி நின்ற பழைய மரவிடுதியில் தோரிக்காவுக்கு மாடி அறை கிடைத்தது. உள்ளே ஊறிப்போன பலகை வாடை. வரவேற்பில் இருந்தவள், "ரூம்ல பெட்டகம் இருக்கு, ஃபோனெல்லாம் அதுல வச்சுப் பூட்டிருங்க" என்றாள். தோரிக்கா தலையாட்டிவிட்டு ஃபோனை இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்முன் ஃபிஜியில், சுவா வக்கீல் அலுவலகத்தில் கணினிப் பிரிவு ராஜ்னீல் காது புளிக்கச் சொல்லியிருந்தான். "விடுதி வைஃபை வேணாம். அடுத்தவன் சார்ஜர் வேணாம். கக்கூஸுக்குப் போனாலும் ஃபோன் கூடவே வரணும் மேடம். உள்ள எவனாச்சும் பூந்துட்டான்னு தோணுச்சா, யோசிக்காதீங்க. ஃபோனையே ஒழிச்சுக் கட்டுங்க."

அவன் பயந்ததில் தப்பே இல்லை. ஃபோனில் இருந்தது ஓர் உயிர். மீன்பிடிக் கப்பலில் அரசுக் கண்காணிப்பாளராகப் போன விலிகேசாவைக் கடலில் தள்ளிக் கொன்றதைப் பார்த்த ஒரே சாட்சி, கிரிபாஸ் தீவு மாலுமி இயோதேபா. அவன் வாக்குமூலமும், சுவாவில் அவன் ஒளிந்திருக்கும் வீட்டு முகவரியும் அதில் இருந்தன. நாளை இங்கே விசாரணை. அதற்குள் கப்பல் முதலாளியின் ஆட்களுக்கு இடம் தெரிந்தால் இயோதேபா பிழைக்கமாட்டான்.

அந்தி சாயும்போது மின்சாரம் போனது. தோரிக்கா வராந்தாவுக்கு வந்தாள்.

"ஏய் கருவாட்டு மூஞ்சி! எந்த ஊருடி நீ?"

ஃபிஜி பேச்சு! இருண்ட கோடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் ஊரைச் சொன்னாள். அவனும் தன் ஊரைச் சொன்னான். அடப்பாவி, தௌவு! இரண்டு ஊருக்கும் மூதாதைத் தெய்வம் ஒன்று. அப்படிப்பட்டவர்கள் எதிர்ப்பட்டால் வாய்க்கு வந்தபடி வையலாம், கண்ணில் பட்டதைக் கேட்கலாம். இல்லையென்று சொல்லக் கூடாது. அயலூரில் ஒரு தௌவு என்றதும் அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

"உங்க ஊர்ல எல்லாரும் நண்டு திருடறவனுங்கதானே?" என்றாள்.

"எதுக்குத் திருடணும்? கேட்டா நீயே குடுப்பே. உன் ஃபோனக் குடு."

"அது மட்டும் முடியாது தௌவு. வேற எதுன்னாலும் கேளு."

பிறந்ததிலிருந்து எந்தத் தௌவுக்கும் அவள் இல்லையென்று சொன்னதில்லை. நாக்கு கூசியது.

அவன் சிரிக்கவில்லை.

பலகை வாடை போய், டீசலும் அழுகிய மீனும் கலந்த நெடி எழுந்தது.

"அப்ப சொல்லு. கயிறக் கையில வச்சுக்கிட்டே நின்னானே, அவன எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

தோரிக்கா ஓரடி பின்வாங்கினாள். 'கயிறு என் கையிலதான் இருந்துச்சு அக்கா. பயத்துல அவருக்கு வீசாம நின்னுட்டேன்.' இயோதேபா அவளிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னது அது. ஃபோனில் இருந்த ஒலிப்பதிவைத் தவிர அது வேறெங்கும் இல்லை.

அப்படியானால் ஃபோனுக்குள் புகுந்துவிட்டார்கள்; முகவரி மட்டும் இன்னும் சிக்கவில்லை. இவன் முதலாளியின் ஆள்.

அவன் எழுந்தான். ஈரக்கால் பலகையில் பதியும் சத்தம் நெருங்கியது.

"குடுடி."

அவள் பையைக் கிழிக்காத குறையாக ஃபோனை உருவினாள். கைப்பிடிக் கட்டைக்கு மேலாக, கடற்சுவரையும் தாண்டி, பலம்கொண்ட மட்டும் வீசினாள். அலைகளுக்கு நடுவே அது விழுந்தது.

"எடுத்துக்கோடா! முடிஞ்சா போய் எடுத்துக்கோ!"

அப்போதுதான் அவன் சிரித்தான்.

மின்சாரம் வந்தது. அந்த முகத்தை வழக்குக் கோப்பின் முதல் படத்தில் அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். உதடுகள் உப்பி வெளுத்திருந்தன.

"வினாக்கா, தௌவு" என்று நன்றி சொன்னான் விலிகேசா. "நேரா என் வீட்டுக்கே அனுப்பிட்டே."

அடுத்த நொடி அங்கே யாருமில்லை. பலகையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அறைத் தொலைபேசி அலறியது. விடுதி எண்ணை அவள் ஒருவனுக்குத்தான் கொடுத்திருந்தாள். விழுந்தடித்து ஓடி எடுத்தாள்.

"அக்கா," என்றான் இயோதேபா, "ஆள் அனுப்புறதா சொல்லவே இல்லையே? யாரோ கதவத் தட்டுறாரு."

"தொறக்காதே!"

"முகம் தெரியல. சன்னல் வழியா கை மட்டும் தெரியுது, சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு. ஆனா பயமில்லக்கா, நம்ம ஆளுதான். உங்க ஃபோன வச்சிருக்காரு."

"இயோதேபா, தொறக்காதேடா!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.