நாலு மணிக்கு ஒரு மேடு

"உங்களுக்குக் கிடையாது."

சொல்லிவிட்டு அபிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தின் சக்கரத்தில் கட்டியிருந்த மணிகள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

மடுகரை சாலையில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவளுடைய தார்ப்பாய்க்குள் ஓடிவந்திருந்த அந்த இளைஞன், நனைந்த சட்டைக் கையைச் சுருட்டிப் பிழிந்துகொண்டே சிரித்தான்.

"இன்னாங்க கிடையாதுன்னா? கரும்பு கட்டுக்கட்டா நிக்குது..."

"கரும்பு இருக்குது. உங்க கையில அதுவும் ஒட்டியிருக்குதே!"

அவன் மேற்கையின் பின்புறம் ஒரு வெள்ளை வில்லை. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே ஒருவர் கையில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். சர்க்கரை அளக்கும் வில்லை.

"ஐயோ, எனக்கு சக்கரையெல்லாம் இல்லீங்க. இன்னைக்குத்தான் சும்மா ஒட்டியிருக்கேன்."

"சும்மாவா?"

"உள்ள இன்னா நடக்குதுன்னு பாக்கத்தான்..."

அந்தச் 'சும்மா' அவளை எங்கோ கீறியது. பின்னால் பெஞ்சில் அப்பா குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். இடது காலில் கட்டைவிரல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரை எடுத்துக்கொண்டது.

"எங்கப்பாவுக்குக் குத்திக் குத்தி வெரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்குது. நீங்க சும்மா ஒட்டிக்கினு சுத்துறீங்க. நல்லாருக்குது சார்!"

அவன் பதிலுக்குச் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ அப்பாவின் காலைப் பார்த்தான். பிறகு அவளை. அவன் இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது.

"நீங்க சொல்றது நியாயந்தாங்க" என்றான்.

இப்படி ஒத்துக்கொள்கிறவனோடு எப்படிக் கோபமாகவே இருப்பது?

"ஊத்திக் குடும்மா. சக்கரை இல்லாதவனுக்கும் இல்லன்னுட்டா கடை எதுக்கு?" என்றார் அப்பா.

அரை டம்ளர்தான் கேட்டான். மழை விடவில்லை. அரை மணி கழித்து, வில்லை அளப்பதைக் கோடாகக் காட்டும் போனை நீட்டினான்.

"பாருங்க, உங்க ஜூஸு மலையேறுது."

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தரையோடு படுத்திருந்த ஒரு கோடு எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தது. தொண்ணூற்று நான்கு... நூற்றுப் பதினெட்டு... நூற்று நாற்பத்தொன்று...

"எறங்குமா?" தன் குரலில் இருந்த பயம் அவளுக்கே கேட்டது.

"எறங்கும். ஒடம்புக்குத் தெரியும்ங்க."

மழை ஓய்ந்தபோது கோடு சரிவில் இருந்தது. யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல் ஓர் உடம்பு தனக்காக இவ்வளவு வேலை செய்கிறதா? வில்லைக்கு அடியில் ஒரு மயிரிழை ஊசி தோலுக்குள் இருந்துகொண்டு அதை வெளியே சொல்லிவிடுகிறதே... அபிதா அன்று இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு அவன் வந்தான். அதற்கு மறுநாளும்.

பெயர் மணவாளன். கரையாம்புத்தூர். சர்க்கரை ஆலையில் களப்பணி. வயல் வயலாகப் போய், கரும்பைக் குத்தி ஒரு துளி சாறு எடுத்து, கண்ணாடிக் கருவியில் விட்டு இனிப்பை அளந்து, எப்போது வெட்டலாம் என்று சொல்கிற வேலை.

"ஊருல இருக்குற கரும்போட சக்கரையெல்லாம் அளக்குறேன். என்னுத அளக்கக் கூடாதா? எங்கம்மாவுக்கும் இருக்குதுங்க. அதான்... பதினாலு நாளு தாங்குமாம்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சக்கரை இல்லாதவனுக்கு இது அவசியமே இல்லன்னாரு. ஏறி எறங்குறதப் பாத்து ராத்தூக்கத்தக் கெடுத்துக்காதன்னாரு."

"அப்புறம் எதுக்கு தெனமும் ஜூஸு?"

"கரும்பு நல்லாருக்குது..." என்றவன், கரும்பைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் கேட்டான். "நீங்க ஒரு வாயி குடிச்சு நான் பாத்ததே இல்லையே?"

அவள் சிரித்து மழுப்பினாள். மூன்று வருஷமாக, தான் பிழிகிற சாற்றை அவள் நாக்கில் வைத்ததில்லை. அப்பாவுக்கு வந்தது தன்னையும் தேடி வரும் என்ற பயம். போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணோட சுகர் ரிப்போர்ட்ட மட்டும் குடுத்துடுங்க" என்றார்கள். அவள் கொடுக்கவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து தன் உடம்பு தனக்கே ஒரு சந்தேகமாகிப் போனது.

இதெல்லாம் மணவாளனுக்கு எப்படித் தெரியும்? பதினோராம் நாள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து நின்றான்.

"இது இன்னொண்ணுங்க. நீங்க ஒட்டிப் பாருங்களேன்... குடிக்கப் பயப்படுறீங்க போல, அந்தப் பயம் போயிடும்..."

அபிதாவின் முகம் வெளுத்தது.

"ஓ... நீங்களும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் பேசுவீங்களா?"

"ஏங்க, நான் அப்படி..."

"எடுத்துக்கினு கெளம்புங்க சார்."

மறுநாள் அவள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும். அன்று சாயங்காலம் அப்பா, "காத்தாட நடந்துட்டு வரேன்" என்று கடைப் பக்கம் போனார்.

பதினான்காம் நாள் திறந்தாள். திறக்காமல் இருக்க முடியவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது. நாலு மணி. வண்டிச் சத்தம். அவன் ஜூஸ் கேட்கவில்லை. போனை அவள்முன் வைத்தான்.

"பாருங்க. தெனமும் நாலு மணிக்கு ஒரு மேடு. எல்லாம் உங்க ஜூஸு. இது பன்னெண்டாம் நாளு..."

அங்கேயும் ஒரு மேடு இருந்தது. சின்னது. ஆனால் இருந்தது.

"அன்னைக்கு எங்க குடிச்சீங்க?" கேட்டபோது குரலில் பொறாமை வந்துவிட்டது.

"எங்கயும் இல்ல. பூட்டுன கடைக்கு எதிர்ல நின்னுக்கினு இருந்தேன். மனசு பதறுனாகூட ஏறுமாமே... எனக்குத் தெரியாது அபிதா."

முதல் தடவையாகப் பெயர்.

"நேத்து உங்கப்பா இங்க வந்தாரு. எல்லாம் சொன்னாரு. எனக்கு எந்த ரிப்போர்ட்டும் வேணாம். ரெண்டு வூட்டுலயும் சக்கரை இருக்குது. நாளைக்கு உனக்கு வரலாம், எனக்கு வரலாம்... வந்தா ஒண்ணா நடப்போம். ஒருத்தருக்கொருத்தர் ஊசி போட்டுக்குவோம். வரலன்னாலும் ஒண்ணாவே நடப்போமே..."

அவள் கண்ணுக்குள் சாலை கலங்கியது. அப்பா பெஞ்சில் இருந்தபடி தூரத்துக் கரும்பு வயலை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டி எங்க?"

தயங்கியபடி எடுத்துக் கொடுத்தான். அவள் அதை அப்பாவின் மடியில் வைத்தாள். "வெள்ளிக்கெழம டாக்டராண்ட காட்டுவோம்ப்பா. உன் வெரலுக்குக் கொஞ்சம் லீவு கெடைக்கட்டும்."

பிறகு ஒரு நல்ல கரும்பாகத் தேடி எடுத்தாள். மணிகள் குலுங்கின. இஞ்சி, எலுமிச்சை. இரண்டு டம்ளர், இரண்டிலும் பாதி. ஒன்றை அவனிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனாள்... மூன்று வருஷத்து இனிப்பு.

"இப்ப எவ்ளோ காட்டுது?" என்றாள்.

அவன் கையைத் திருப்பிக் காட்டினான். வில்லை இல்லை. வெயில் படாத ஒரு வட்டம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"இன்னையோட முடிஞ்சுது. ஏறுதா எறங்குதான்னு இனிமே தெரியாது."

அவன் முகத்தை, இமைகளை, டம்ளரைப் பிடித்திருந்த விரல்களின் நடுக்கத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுது" என்றாள் அபிதா.