பூச்சோங் அமில அறை

காலையில் அமில அறையைத் திறந்தவள் யாழினி. பழுப்புப் புகையின் மிச்ச நெடி நெஞ்சை அடைத்தது. முதலாளி காசிவிஸ்வநாதன் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் தங்கம் கரைந்த ராஜதிராவக அமிலம் மஞ்சளாகச் சிந்திக் கிடந்தது.

அவள் அலறலைக் கேட்டு முதலாளியின் தொழில் கூட்டாளி கமலநாதன் ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து உடம்பைப் புரட்டினார்கள். விரல்களில் மஞ்சள் ஈரம் பட்டது. யாழினி ஓடிப்போய்க் கை கழுவினாள். முதலாளியின் உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது.

சுங்கை வே தொழிற்சாலைகள் கழித்துப் போடும் சர்க்யூட் பலகைகளிலிருந்து தங்கத்தைப் பிரிப்பதுதான் அந்தப் பட்டறையின் பிழைப்பு. அமிலம் கொதிக்கும்போது புகையை இழுக்கும் விசிறி ஓடாவிட்டால் அந்த அறையில் ஆள் பிழைக்க முடியாது. விசிறியின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தது. யாரோ அணைத்திருந்தார்கள். கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்.

"வெளிய தாழ்ப்பாள் போட்டு, ஆள் செத்தப்புறம் திறந்து விட்டிருக்காங்க. விபத்து மாதிரி காட்ட" என்றார் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் இஷ்ரத். "சாயந்திரம் இந்த ரூம்ல யாரு இருப்பா?"

"நான்தான் மேடம்" என்றாள் யாழினி. "நேத்து பிள்ளைக்குக் காய்ச்சல். 'நீ போ, நான் பார்த்துக்கறேன்'னு முதலாளி அனுப்பிட்டாரு."

"நீங்க போனதை யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்ல."

"அவரோட தகராறு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம். தங்கம்தான் கொஞ்ச நாளா குறைவா வருது. நேத்து மத்தியானம் கமலநாதன் அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். முதலாளிகிட்ட இன்னும் சொல்லல."

கமலநாதன் குறுக்கிட்டார். "நான் நேத்து வெளிச்சம் இருக்கறப்பவே பிரிக்பீல்ட்ஸ் போயிட்டேன் மேடம். வாங்கறது விக்கிறதுதான் என் வேலை. இந்த ரூம் பக்கமே வரமாட்டேன். இது இவ ரூம்லா."

யாழினி போலீஸ்காரர்களைப் பார்த்தாள். இவர்கள் தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் செமினி வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வேறு நாதி இல்லை.

"உங்க விரல் ஏன் ஊதாவா இருக்கு?" இஷ்ரத் கமலநாதனைத்தான் கேட்டார்.

"இப்ப காசியைப் புரட்டினப்ப அந்தத் தண்ணி பட்டுச்சு மேடம். இவளுந்தான் தொட்டா."

இஷ்ரத் தலையாட்டினார். யாழினி தன் விரல்களைப் பார்த்தாள். கறையே இல்லை. விஷயம் புரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது. கமலநாதன் அவளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"மேடம், தங்கத் தண்ணி பட்டா உடனே கறை தெரியாது. சில மணி நேரம் போகணும். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தொட்டோம். அண்ணன் கையில மட்டும் எப்படி அதுக்குள்ள வந்துச்சு?"

"தப்பிக்கறதுக்குக் கதை விடறா!"

"கறை வருதான்னு பார்ப்போம். வெளிய உட்காரலாம்" என்றார் இஷ்ரத்.

வாசல் வெயிலில் யாழினி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் விலங்கோடு நின்றார். அவசரத்தில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டோமோ, கறை வராமலே போய்விடுமோ என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உச்சி வெயில் சாய்கிற நேரத்தில்தான் நகத்தோரம் லேசாக ஊதா பூத்தது. வாய்விட்டு அழுதுவிட்டாள்.

இஷ்ரத் கமலநாதன் பக்கம் திரும்பினார். "இன்னிக்குத் தொட்ட கை இப்பத்தான் மாறுது. உங்க கை காலையிலேயே மாறியிருந்துச்சு. நேத்தே உள்ள போய் அவரைத் தொட்டிருக்கீங்க. தங்கத்தைத் திருடி வித்தது நீங்க. ஆனா கதவைத் திறந்து விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு உள்ள போய்த் தொட்டீங்க?"

கமலநாதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கதவத் திறந்தா காசி கிடக்கறான் மேடம். உசிரு இருக்கான்னு பார்த்தேன். அவன் உள்ள இருப்பான்னு நான் கண்டேனா? அந்த நேரத்துல எப்பவும் இவதானே இருப்பா."

யாழினி சட்டென்று எழுந்து அவரைவிட்டுத் தள்ளிப் போனாள். உள்ளே முதலாளி கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தபோது, பிறாண்டுவது அவள் என்று நினைத்துக்கொண்டு இந்த மனிதர் வெளியே காத்து நின்றிருக்கிறார்.