பொறுப்பேற்பி காணாத இடம்

காலையில் பட்டறையைத் திறந்ததும் மருதாசலம் முதலில் செய்வது கத்தி தீட்டுவதன்று. சுவரில் பதிந்திருந்த பச்சைக் கண்ணின் முன் நின்று, "இன்னைக்கு வேலை உன் பொறுப்பு" என்று சொல்வார். கண் ஒருமுறை மினுங்கும். அதன் பிறகே தேநீரும் மற்றவையும். கோயம்புத்தூர் கணபதியில் வாகன இருக்கைகளுக்குக் குஷன் வேலை செய்துவந்தவர் அவர். எதிர் மேசையில் மனைவி தமயந்தி தையல் வேலை பார்த்தார். அவரும் அதே சொற்களைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்.

பச்சைக் கண்ணின் பெயர் பொறுப்பேற்பி. பட்டறை, மருத்துவமனை, வீட்டுச் சமையலறை என்று அந்நாளில் அது இல்லாத இடமில்லை. வாடிக்கையாளர் சொல்வதை எல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்ளும். வேலை செய்பவரின் கை தவறப் போனால் மெல்ல ஒலித்துத் தடுக்கும். அதையும் மீறிப் பிழை நேர்ந்தால், தன் பிழை என்றே பதிந்து இழப்பீட்டையும் தானே கொடுத்துவிடும். மனிதர்மேல் பழி சுமத்துவது சட்டப்படி செல்லாது. அதனால் வழக்குகள் ஒழிந்தன, வாய்ச்சண்டைகள் ஒழிந்தன. நல்ல காலம்தான். மருதாசலம் பிறந்து வளர்ந்ததே அதில்தான். மன்னிப்பு என்ற சொல்லை அவர் அறிவார். ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

அப்படிப்பட்ட பட்டறைக்கு ஒருநாள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. சாலையில் தானே ஓடும் வண்டிகளான தானோடிகளுக்கு மட்டுமே அனுமதி என்பதால் அதைச் சுமைவண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். இரண்டே இருக்கைகள், மனிதன் பிடித்துத் திருப்பும் ஸ்டியரிங், வெயிலில் வெடித்த டாஷ்போர்டு, தொங்கிப்போன கூரைத்துணி. கொண்டுவந்தவர் வஞ்சி என்ற பெண். அவர் தந்தை நஞ்சப்பன் அந்தக் காரில் பந்தயங்கள் ஓடியவராம். முதுகெலும்பில் அறுவை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். எந்தக் கட்டிலும் நாற்காலியும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல்லாண்டுகளாக அவர் உடம்பு அழுத்தி அழுத்திக் குழிந்த அந்த ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தால் மட்டும் வலி அடங்கும். வீடு திரும்பியதும் காரைக் கூடத்திலேயே நிறுத்தி அதில் உட்காரவைப்பதாக மகளின் ஏற்பாடு.

தோலை மாற்றலாம், டாஷ்போர்டைப் புதுப்பிக்கலாம், ஓட்டுநர் இருக்கையின் உள்ளே உள்ள ஃபோமை மட்டும் தொடக்கூடாது என்று வஞ்சி தெளிவாகச் சொன்னார். மருதாசலம் தலையாட்டினார். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் தலையாட்டுவார்கள். நினைவில் வைக்கத்தான் சுவரில் ஒன்று இருக்கிறதே.

ஆனால் பொறுப்பேற்பி, அடையாளச் சில்லு பதித்த பொருள்களை மட்டுமே காணும். அந்தக் காரிலோ ஒரு சில்லும் இல்லை. அது நின்ற இடம் பச்சைக் கண்ணுக்கு வெறும் தரை.

யானையின் பின்னாலேயே நடந்து பழகிய நரி ஒன்று, யானை வேறு பக்கம் திரும்பிய பிறகும் தன் முன்னால் இருக்கும் பாதை பத்திரமானது என்றே நம்பிப் போயிற்றாம். மருதாசலமும் அப்படித்தான் போனார். தோலை உரித்தார். உள்ளே மஞ்சளாகிப் பொடிந்த ஃபோம். பொடிந்ததை எடுத்துப் புதிது வைப்பது அவர் கைக்குப் பழகிய முறை. கத்தியை வைத்தார், ஒலி எழவில்லை. ஒலி இல்லையென்றால் செய்வது சரி என்று பொருள். அறுத்து அரைவை இயந்திரத்தில் போட்டார். புதிய ஃபோமின்மேல் கருஞ்சிவப்புத் தோலைத் தமயந்தி அழகாகத் தைத்து முடித்தார்.

பார்க்க வந்த வஞ்சி கூரைத்துணியைத் தடவிப் புன்னகைத்தார். டாஷ்போர்டைப் பார்த்து, புதிது போல இருக்கிறது என்றார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"உள்ள இருந்தது எங்கீங்க?"

மருதாசலத்துக்கு அப்போதுதான் அவர் சொல்லிச் சென்றது நினைவுக்கு வந்தது. வாய் மட்டும் வழக்கமான பதிலைச் சொன்னது: "பொறுப்பேற்பி பாத்துக்குமுங்க."

இருவரும் பச்சைக் கண்ணின் முன் போய் நின்றார்கள். குறிப்பிட்ட இடத்தில் வேலை எதுவும் நடக்கவில்லை என்றும், ஆகவே பிழையும் இல்லை என்றும் அது அமைதியாக அறிவித்தது. மருதாசலம் மறுபடி கேட்டார். அதே பதில். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் தமயந்தி. "கத்தி உங்க கையிலதான இருந்துச்சு."

வஞ்சியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட வேண்டும் என்று வஞ்சிக்குத் தோன்றியது. ஒரு மனிதர்மீது அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. "சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வரோமுங்க. அவரு எங்கீங்க உக்காருவாரு?" என்று மட்டும் கேட்டார்.

மருதாசலம் கைகளைப் பார்த்துக்கொண்டார். சொல்லிப் பழகாத சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நான்தானுங்க அறுத்தேன். நீங்க சொன்னதைக் காதுல வாங்கல. என்ற தப்புங்க."

இருக்கையைச் சரிசெய்து தரும்படி அவரிடம் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. இழப்பீடு கேட்க வஞ்சிக்கும் வழியில்லை. ஆனால் தன் தப்பு என்று சொன்ன பிறகு சும்மா இருக்க மருதாசலத்தால் முடியவில்லை. தைத்த தோலைத் தமயந்தியின் கண்ணெதிரே பிரித்தார். தமயந்தி முறைத்தாரே தவிரத் தடுக்கவில்லை. சனிக்கிழமை அந்த இருக்கையை மட்டும் காரிலிருந்து கழற்றி, கத்தியையும் எடுத்துக்கொண்டு வஞ்சியின் வீட்டுக்குப் போனார்.

நஞ்சப்பன் மெலிந்து, ஒருபக்கம் சாய்ந்து, இரண்டு பேர் தாங்கக் கூடத்தில் நின்றிருந்தார். மருதாசலம் அவரிடமும் நடந்ததைச் சொன்னார். அவர் உடம்பு அளவுக்கு ஃபோமைச் செதுக்கித் தருவதாகவும், அதற்கு அவர் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும் என்றும், வலிக்கும் என்றும் சொன்னார்.

நஞ்சப்பன் இருக்கையை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஆஸ்பத்திரில ஊசிய எடம் மாத்திக் குத்தினாங்க, திட்டறதுக்கு ஒரு ஆளு இல்ல. செவுத்தப் போயித் திட்டச் சொல்றாங்க. நீ நல்ல வேளைக்கு வந்த தம்பி. உக்கார வைங்க."

உட்கார்ந்ததும் திட்டத் தொடங்கினார். காது எதற்கு, கம்மல் தொங்கவிடவா என்றார். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன்கூடக் காலைப் பார்த்துத்தான் அடிப்பான் என்றார். மருதாசலம் எல்லாவற்றுக்கும் ஆமாமுங்க, ஆமாமுங்க என்று சொல்லிக்கொண்டே, அவரைத் தூக்கி நிறுத்திச் சீவினார், உட்காரவைத்துப் பார்த்தார், மறுபடி சீவினார். இடுப்பருகே குத்துகிறது என்றால் அங்கே கத்தி போயிற்று. தோளருகே இடிக்கிறது என்றால் அங்கே. ஃபோம் துகள்கள் தரையில் குவிந்தன. சமையலறை வாசலில் நின்று கேட்ட வஞ்சி, தன் மனத்தில் இருந்த கோபத்தையும் அப்பா சேர்த்தே திட்டிக்கொண்டிருந்ததால், தானும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார். மருதாசலம் அதற்கும் ஆமாமுங்க என்றார்.

பிற்பகலில் வலப்பக்க விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தபோது திட்டு பாதியில் நின்றது. வலி அதிகமாகிவிட்டதோ என்று மருதாசலம் பதறி நிமிர்ந்தார். நஞ்சப்பனின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை வந்தது.

அவர் இப்படித் தூங்கிப் பல வாரங்களாயிற்று என்று வஞ்சி காதோடு சொன்னார். மருதாசலத்தின் இடக்கை இன்னும் கிழவரின் முதுகுக்கும் ஃபோமுக்கும் இடையில் சிக்கியிருந்தது. எடுத்தால் விழித்துக்கொள்வார். அவர் கத்தியை ஓசையின்றித் தரையில் வைத்துவிட்டு, கை மரத்துப்போனபோதும் அசையாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.