உள்ளிருந்து தொட்டது

பேருந்து ஓட்டுநரின் இதயத்தில் இருந்த ஓட்டையை இடக்கைச் சுட்டுவிரலால் அடைத்தபடி நின்ற அறுவை மருத்துவரின் விரல்நுனியை, உள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்லத் தொட்டது.

குண்டுத்துண்டை அவள் சற்றுமுன்புதான் எடுத்துக் கிண்ணத்தில் போட்டிருந்தாள்; உள்ளே இனி இரத்தத்தைத் தவிர வேறொன்றும் இருக்க நியாயமில்லை. மேலே எங்கோ எறிகணை விழுந்து நிலவறையின் கூரை சுண்ணாம்பை உதிர்க்க, டீசல் புகையும் ஸ்பிரிட்டும் இரத்தமும் கலந்த வாடை மூக்கில் ஏற, தொங்கிய விளக்கு இருமுறை இமைத்து அணைந்தது. ஜெனரேட்டரைப் பார்க்கச் செவிலி ஓடினாள். இருளில் எஞ்சியவர்கள் அவளும், நோயாளியின் தலைமாட்டில் மூச்சுப்பையை அமுக்கிக்கொண்டிருந்த மயக்க மருத்துவரும்தாம். மருத்துவமனையே அவரை ‘மாமா’ என்றுதான் அழைக்கும்.

“விரலை எடுத்துடாதம்மா. மூக்கு அரிச்சாலும் பல்லைக் கடிச்சுக்க. எடுத்தா ஆள் காலி.”

“எனக்குத் தெரியாதா மாமா? நீங்க தூங்காம அமுக்குங்க.”

“இந்தச் சத்தத்துல தூங்கினா எனக்கு விருதே குடுக்கணும்.”

அவள் சிரிக்கப் போனாள். மறுபடியும் அது தொட்டது. இதயத் துடிப்பு அன்று; துடிப்பு வெதுவெதுப்பாக வந்து விரலைத் தள்ளிவிட்டுப் போகும். இது சில்லென்று இருந்தது, நகக்கண்ணைத் தேடியது, வளைந்து விரலைச் சுற்றிக்கொண்டு, தாழ்ப்பாளை ஓசையின்றி நெகிழ்த்தும் திருடனைப் போலப் பொறுமையாக, வெளியே தள்ளத் தொடங்கியது.

“மாமா, உங்க கை எங்கே இருக்கு?”

“ரெண்டும் பையிலதான். ஏன்மா?”

காலையிலிருந்து இந்த மேசையில் படுத்த எவரும் பிழைக்கவில்லை. ஏன் என்பது இப்போது விளங்கிற்று.

தள்ளியது. இன்னும் பலமாக. மூட்டு நொந்தது. கையுறைக்குள் குளிர் ஏறியது.

“இவரைக் குடுக்க மாட்டேன்.”

“யார்கிட்டம்மா பேசுறே?”

விளக்கு எரிந்தது. மூச்சிரைக்க வந்த செவிலி, கையுறை மாற்றி ஊசியை நீட்டினாள். மருத்துவர் அதை வலக்கையில் வாங்கினாள்.

“வெளியே வரணுமா உனக்கு? உள்ளேயே கிட.”

முதல் தையல். அடுத்தது. நூலை இழுத்தாள். விரலை உருவினாள். இறுக்கினாள். முடிச்சு.

இரத்தம் நின்றது. இதயம் சீராகத் துடித்தது.

“பொழைச்சுட்டான்!” என்றார் மாமா.

அவள் குனிந்தாள். அசையாமல் பார்த்தாள்.

“இன்னும் நூல் குடு,” என்றாள் செவிலியிடம்.

துடிக்கும் சதையை அடியிலிருந்து உப்பவைத்துக்கொண்டு, ஒரு விரல்நுனி நகர்ந்தது. அவள் போட்ட தையல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.